தோட்டம் கேள்வி – பதில்: கன்றுக்கு முன் தண்ணீர்க் கணக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஊர்த் தோட்டக் குழு நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஏரிக்கரைக் கன்று, மாங்கொட்டை ஒட்டு, விதைப் பரிமாற்றம், தெரு உரத்தொட்டி என்று பலவும் வந்திருக்கின்றன. கூட்டாகச் செய்கிற வேலைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

எங்கள் குழு ஏரியை ஒட்டி ஜூன் மாதம் 200 மரக்கன்றுகள் நட்டது. அடுத்த கோடை முடிவில் முப்பதுகூட மிஞ்சவில்லை. கன்று நல்ல கன்றுதான். எங்கே தவறினோம்?
– வாசகர், காரிமங்கலம்

முதல் தவறு மாதம். நம் பக்கம் மே மாதக் கோடை மழையில் மண் நனைந்ததும் நடத் தோன்றும். அதன்பின் ஜூன், ஜூலையில் காற்றுதான் அதிகம், மழை விட்டு விட்டுத்தான் வரும். நிலையான மழை ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, செப்டம்பர், அக்டோபரில் வலுக்கும். ஜூனில் நட்ட கன்று வேர் பிடிக்கும் முன்பே ஆடிக் காற்றில் ஆடி ஆடி, வேருக்கும் மண்ணுக்கும் இடையில் வெற்றிடம் விழுந்து காய்கிறது. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் அன்று குழி எடுங்கள். குழி மூன்று மாதம் வெயிலும் மழையும் வாங்கட்டும். செப்டம்பர் முதல் வாரத்தில் நடுங்கள்.

இரண்டாவது தவறு எண்ணிக்கை. கணக்கைப் பாருங்கள். முதல் கோடையில் ஒரு கன்றுக்கு வாரம் இரண்டு முறை, முறைக்கு 10 லிட்டர் வேண்டும். 200 கன்றுக்கு வாரம் 4,000 லிட்டர். ஜனவரி கடைசியிலிருந்து மே கடைசி வரை 18 வாரம் என்று வைத்தால் 72,000 லிட்டர். 5,000 லிட்டர் டேங்கர் என்றால் கிட்டத்தட்ட 15 நடை. இந்த 15 நடைக்கு யார் பணம் தருவது, எந்தக் கிழமை யார் ஊற்றுவது என்று எழுதிவைக்காமல் குழி எடுக்கவே கூடாது. உங்களால் ஐந்து நடைதான் முடியும் என்றால் 60 கன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறுபதும் மரமாகும். ஏரித் தண்ணீரை மொண்டு ஊற்றலாம் என்று நம்ப வேண்டாம். பல ஏரிகள் கன்றுக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் வற்றும்.

குழி 2 அடி நீளம், அகலம், ஆழம். சரளை மண்ணாக இருந்தால் இரண்டரை அடி. மேல் அரை அடி மண்ணைத் தனியாக எடுத்துவைத்து, அதோடு இரண்டு கூடை நன்றாக மக்கிய தொழுவுரமும் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். மக்காத சாணம் போட்டால் கரையானை அழைத்து விருந்து வைத்த மாதிரி. செம்மண் நிலத்தில் கன்று சாவதற்குக் கரையான் பெரிய காரணம். பையைக் கிழித்ததும் வேரைப் பாருங்கள். அடியில் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தால் அந்த அடிப்பகுதியை ஒரு அங்குலம் வெட்டிவிடுங்கள். சுருண்ட வேரோடு நட்ட மரம் ஐந்தாறு ஆண்டு நன்றாக நின்றுவிட்டு, ஒரு காற்றில் அடியோடு சாயும்.

நட்ட கையோடு 3 அடி வட்டத்துக்குப் பாத்தி பிடித்து, காய்ந்த இலை, தென்னை மட்டை, தேங்காய் நார் எது கிடைத்தாலும் 4 அங்குல கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும். ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். ஆட்டுக்கு முள்வேலிதான் மருந்து. சீமைக்கருவேல முள்ளைக் கன்றைச் சுற்றி மார்பளவு உயரத்துக்குக் கட்டுங்கள். பச்சை வலை மட்டும் கட்டினால் ஆடு முன்காலை வைத்து அழுத்திவிட்டு மேய்ந்துவிடும்.

தண்ணீர் குறைவான இடத்தில் பானைப் பாசனம் இன்றும் நல்ல வழி. சூளையில் சுட்ட, மெருகு பூசாத 5 அல்லது 6 லிட்டர் மண்பானையைத் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி மூடிவையுங்கள். நான்கைந்து நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஒரு பருவத்தில் பானையின் துளைகள் அடைபடும். வெளியே எடுத்து நாரால் தேய்த்துக் கழுவி மறுபடி புதைக்க வேண்டும். இரண்டாம் கோடையில் வாரம் ஒரு முறை 20 லிட்டர், மூன்றாம் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. அதற்குப் பிறகு மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

கரையின் மேல் மரம் வைக்காதீர்கள். பெரிய வேர் பட்டுப்போய் மக்கினால் அந்த வழியில் தண்ணீர் கசிந்து கரை அரிக்கும். நீர் வந்து தொடும் ஓரத்தில் நீர்மருது, நாவல், புங்கன். மேட்டுப் பக்கம் வேம்பு, இலுப்பை, புளி. ஏரி எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறதோ அந்த அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாளை தூர் வாரும்போது பொக்லைன் உங்கள் கன்றின் மேல் ஏறாமல் இருக்க அந்தக் கடிதம்தான் உதவும்.

பனை விதை 500 புதைத்தோம். முளைத்ததா என்றே தெரியவில்லை.
– வாசகர், அரூர்

பனை முதலில் கீழே போகும், பிறகுதான் மேலே வரும். விதையிலிருந்து குருத்து மண்ணுக்குள் இறங்கிக் கிழங்காகும். மேலே இலை தெரியப் பல மாதம் ஆகும். அதுவரை தோண்டிப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு மாதத்தில் யாராவது கிழங்குக்காகப் பிடுங்கிவிடுவதும் உண்டு. ஊரில் சொல்லிவைப்பது நல்லது. பழத்திலிருந்து எடுத்த புது விதையைச் செப்டம்பரில், அரை அடி ஆழத்தில், 10 அடி இடைவெளியில் இடுங்கள். ஒரு இடத்துக்கு இரண்டு விதை.

மாம்பழக் காலத்தில் எங்கள் ஊரில் கொட்டை மலைபோலக் குவிகிறது. அதை வைத்து ஒட்டுக்கன்று உண்டாக்கி உறுப்பினர்களுக்குக் கொடுக்க முடியுமா? சென்ற ஆண்டு நூறு கொட்டை போட்டதில் பத்துதான் முளைத்தது.
– வாசகி, காவேரிப்பட்டணம்

கட்டாயம் முடியும். தோட்டக் குழு செய்யக்கூடிய வேலைகளில் இது மிகவும் பயனுள்ளது என்பது எங்கள் எண்ணம். ஒரே பருவத்தில் கைத்தொழில் ஒன்று கைவரும், கன்றும் கிடைக்கும்.

முளைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் கொட்டையின் வயது. மாங்கொட்டை காய்ந்துவிட்டால் உயிர் போய்விடும். பழத்திலிருந்து எடுத்த இரண்டு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள், நான்கு வாரம் தாண்டினால் பயனில்லை. கூழ் ஆலைப் பக்கம் குவியலாகக் கிடப்பதை அள்ளி வந்திருந்தால், அது புளித்துச் சூடேறி உள்ளே வெந்திருக்கும். அன்றன்று விழுந்ததை மட்டும் எடுங்கள். சதையைக் கழுவித் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளுங்கள். ஓட்டில் துளை இருந்தால் அது மாங்கொட்டை வண்டு குடைந்தது. அதைத் தோட்டத்தில் வீசாமல் எரித்துவிடுங்கள்.

மேலோட்டின் விளிம்பைக் கத்தரியால் மெதுவாகத் திறந்து பருப்பை எடுத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும், தண்டும் நேராக வரும். மணலும் மக்கிய எருவும் சமமாகக் கலந்த மேட்டுப்பாத்தியில், வளைந்த முதுகு மேலே இருக்கும்படி ஒரு அங்குல ஆழத்தில் வைத்து, வைக்கோல் மூடி, பூவாளியால் தெளியுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் செம்பு நிறத் தண்டு கிளம்பும்.

ஒட்டு, அந்தத் தண்டு செம்பு நிறத்தில் இருக்கும்போதே கட்ட வேண்டும். முளைத்த 10 முதல் 15 நாள்தான் பருவம். இலை பச்சையாகிவிட்டால் தண்டு கெட்டிப்பட்டு ஒட்டுவது குறையும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நமக்கு வேண்டிய ரகத்தின் தாய்மரத்தில் வேலை தொடங்கிவிட வேண்டும். மூன்று நான்கு மாத வயதுள்ள, பூக்காத நுனிக்கிளையைத் தேர்ந்து, காம்பை மட்டும் விட்டு இலைகளைக் கிள்ளிவிடுங்கள். நுனி மொட்டு பருக்கும், காம்புகள் தானே உதிரும். அந்த நேரத்தில் அரை அடி நீளத்துக்கு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றே பயன்படுத்துங்கள்.

கன்றைக் கொட்டையோடு மெதுவாக எடுத்து, தண்டை நான்கு விரல் உயரத்தில் வெட்டி, நடுவில் ஒன்றரை அங்குலம் பிளந்துவிடுங்கள். தாய்மரத்தில் வெட்டிய ஒட்டுக்குச்சியின் அடியை அதே நீளத்துக்கு இருபுறமும் ஆப்புபோலச் சீவிச் செருகுங்கள். இரண்டும் ஒரே பருமனாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு பக்கப் பட்டையாவது பட்டையோடு சேர வேண்டும். விரல் அகல பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுகச் சுற்றி, பையில் நட்டு, ஐஸ் விற்கும் நீளப் பிளாஸ்டிக் உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டுங்கள். நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குருத்து விரியும்போது உறையை மாலை நேரத்தில் எடுக்கலாம்.

கெடுவது எங்கே என்று சொல்லிவிடுகிறோம். மழுங்கிய கத்தியால் சீவினால் பரப்பு அலை அலையாகிச் சேராது. சீவிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் பால் காய்ந்துவிடும். ஊற்றிய தண்ணீர் கட்டுக்குள் இறங்கினால் கறுத்துவிடும். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரைக் கிள்ளாமல் விட்டால் மேலே உள்ளது பட்டினியாகும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, மேகமூட்டமான நாட்களில் கட்டுங்கள். முதல் ஆண்டில் பத்துக்கு நான்கு பிடித்தாலே நல்ல தேர்ச்சிதான்.

ரகம் எது என்று கேட்பார்கள். கிருஷ்ணகிரியில் தோட்டங்களில் அதிகம் இருப்பது பெங்களூரா என்கிற கிளிமூக்கு. அது கூழுக்குப் போகிற ரகம். வீட்டுக்கு ஒரே ஒரு மரம் வைப்பவருக்குச் செந்தூரா அல்லது இமாம்பசந்த் கொடுங்கள். பையில் ரகம், ஒட்டிய தேதி, தாய்மரம் நிற்கும் ஊர் மூன்றையும் எழுதிக் கட்டாமல் ஒரு கன்றும் வெளியே போகக் கூடாது. ஐந்து ஆண்டு கழித்துக் காய்க்கும்போதுதான் தவறு தெரியும். அப்போது திருத்த வழி இல்லை.

விதைப் பரிமாற்ற நாளில் வாங்கிய சுரை விதை நன்றாகக் காய்த்தது. காய் கசக்கிறது. கொடுத்தவரோ தன் வீட்டுக் காய் இனிப்பு என்கிறார். எப்படி?
– வாசகி, பென்னாகரம்

இருவர் சொல்வதும் உண்மைதான். முதலில் ஒன்று: கசக்கிற சுரைக்காயைச் சமைக்கவோ சாறு எடுக்கவோ வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கொடியைப் பிடுங்கிவிடுங்கள்.

அவர் வீட்டுக்கு அருகே எங்கோ பேய்ச்சுரை, அதாவது கசக்கும் காட்டுச் சுரை, இருந்திருக்கும். அதன் மகரந்தம் விழுந்தாலும் அந்த ஆண்டுக் காயின் சுவை மாறாது. தாய்க்கொடியின் சதைதான் அது. உள்ளே இருக்கும் விதையில்தான் கலப்பு சேரும். அந்த விதையை நட்ட உங்களுக்குக் கசப்பு வந்தது.

சுரை, பீர்க்கு, பூசணி விதை எடுக்க வேண்டுமானால் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலரும். அன்று பிற்பகலே, மறுநாள் வரை காத்திராமல், மலரப்போகும் ஆண் மொட்டு இரண்டையும் பிஞ்சோடு இருக்கும் பெண் மொட்டு ஒன்றையும் நூலால் கட்டிவிடுங்கள். இருட்டும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, பெண் பூவைத் திறந்து தடவி, மறுபடி கட்டுங்கள். காம்பில் வண்ண நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பூசணிக்கும் பாகலுக்கும் இதே வேலை விடியற்காலையில். முந்தைய மாலை கட்ட வேண்டும். கத்தரியும் மிளகாயும் பெரும்பாலும் தன் மகரந்தத்தில் காய்த்தாலும் தேனீயால் கலக்கும். ஒரு கிளைக்கு மெல்லிய துணிப்பை கட்டி, பிஞ்சு பிடித்ததும் எடுத்துவிடலாம். அவரை, தட்டப்பயறு, தக்காளி ஆகியவற்றில் கலப்பு குறைவு. புதிதாகத் தொடங்குகிற குழு இவற்றோடு தொடங்கட்டும்.

பகிரும் முன் முளைப்புப் பார்ப்பது கட்டாயம். ஈரத்துணியில் 20 விதையைச் சுருட்டி வையுங்கள். அவரை, சுரைக்கு ஒரு வாரம், கத்தரி, மிளகாய்க்கு இரண்டு வாரம். பதினான்குக்குக் குறைந்தால் அந்த விதையை மேசையில் வைக்காதீர்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையில் காய்த்த காயின் விதையையும் வைக்காதீர்கள். அடுத்த தலைமுறை தாயைப் போல இராது. வெங்காய விதை ஒரு ஆண்டுதான் தாங்கும். மற்றவற்றை நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து இறுக மூடினால் இரண்டு ஆண்டு இருக்கும்.

தெருவில் வைத்த உரத்தொட்டி நாறுகிறது, ஈ மொய்க்கிறது. அக்கம்பக்கத்தார் எடுக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், கிருஷ்ணகிரி

ஈரக் குப்பை மட்டும் போகிறது, காய்ந்த இலை போகவில்லை. ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு மூன்று வாளி சருகு. தொட்டிக்குப் பக்கத்திலேயே சருகு மூட்டை இருந்தால்தான் இது நடக்கும். வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள் என்றால் யாரும் கொண்டுவர மாட்டார்கள். மூக்கே சொல்லிவிடும்: கண்ணைக் கரிக்கும் நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம், அழுகிய முட்டை நாற்றம் என்றால் தண்ணீர் அதிகம், காற்று இல்லை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது.

செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி 3 அடிச் சதுரத்தில், 3 அடி உயரத்தில் மூன்று தொட்டி வையுங்கள். ஒன்று நிரம்பும், ஒன்று மக்கும், ஒன்று ஆறும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை கிளறினால் மூன்று மாதத்தில் உரம். மாம்பழத் தோல் வரும் மாதங்களில் அதை மேலே போடாமல் நடுவில் ஒரு அடி பள்ளம் பறித்துப் புதைத்து மேலே சருகு மூடுங்கள், ஈ அடங்கும். மாவிலை தடிப்பானது, நொறுக்கிப் போட்டால்தான் மக்கும்.

உரத்தில் பெரிய வெள்ளைப் புழு இருந்தால் சலித்துப் பாருங்கள். உள்ளங்கையில் வைத்தால் மல்லாந்து முதுகால் ஊர்கிறதா? அது பூவண்டுப் புழு, மக்க வைக்க உதவும், விட்டுவிடலாம். சுருண்டு பக்கவாட்டில் கிடப்பது தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். பக்கத்தில் தென்னை இருந்தால் அதை எடுத்து அழித்துவிடுங்கள்.

பள்ளியில் தோட்டம் போட்டுத் தருகிறோம். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் எல்லாம் காய்ந்துபோகிறது.
– வாசகர், பாலக்கோடு

விடுமுறையில் எதுவும் நிற்காதபடி பயிரிடுங்கள். ஜூலையில் விதைத்து மார்ச்சில் பாத்தியை மூடாக்குப் போட்டு ஓய்வில் விட்டுவிடலாம். முதல் பயிர் முளைக்கீரை: 4 அடிக்கு 10 அடிப் பாத்திக்கு ஒரு தேக்கரண்டி விதை, மெல்லிய மணலோடு கலந்து தூவினால் 25 நாளில் பறிக்கலாம். பிள்ளைகளுக்கு ஒரு மாதத்துக்குள் பலன் தெரிவது முக்கியம். எறும்பு விதையைத் தூக்கிப்போகும். பாத்தி ஓரத்தில் நொய் அரிசி தூவினால் அது அதைத் தூக்கப் போய்விடும். அடுத்து வெண்டை, கொத்தவரை, அவரை.

நிலையாக நிற்க முருங்கை, கறிவேப்பிலை போதும். பி.கே.எம். 1 என்கிற செடிமுருங்கை ரகத்தை விதையாகவே குழியில் இட்டு, இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளாவிட்டால் ஓங்கி வளர்ந்து காற்றில் முறியும். வகுப்பறைச் சன்னலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் தண்டில் கூட்டமாகச் சேரும் கம்பளிப்பூச்சி பிள்ளைகள் மேல் பட்டால் தடித்துவிடும்.

போர் தண்ணீர் ஊற்றும் நாற்றுகளின் இலை நுனி கருகுகிறது. சொட்டுநீர்க் குழாயும் அடைக்கிறது.
– வாசகி, தருமபுரி

இரண்டுக்கும் காரணம் தண்ணீரில் உள்ள உப்பு. பையில் உள்ள மண் கொஞ்சம் என்பதால் உப்பு சீக்கிரம் சேரும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை நிறுத்தி, அடித்துளை வழியே வடியும் அளவுக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை ஊற்றுங்கள். உப்பு கீழே இறங்கும். அடைத்த சொட்டியைக் கழற்றி ஒரு இரவு வினிகரில் ஊறவைத்தால் வெள்ளைப் படிவு கரையும். நாற்றங்காலுக்கு மட்டுமாவது மழைநீர் பிடியுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் வீணாவது போக 700 லிட்டருக்கு மேல் கிடைக்கும். நம் மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. தோட்டத்து வேலையில் பிள்ளைகளுக்குத் தாகம் எடுத்தால் அந்தப் போர் குழாயைத் திறந்துவிடாமல், குடிநீர் தனியாகக் கொண்டுபோங்கள்.

பூங்கா ரோஜாக்கள் நுனியிலிருந்து கறுத்துக் காய்ந்து வருகின்றன.
– வாசகர், ஓசூர்

நுனிக்கருகல். கறுப்பு முடியும் இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, உள்ளே வெண்பச்சையாகத் தெரியும் வரை வெட்டி, வெட்டியதை எரித்துவிடுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம் அரை லிட்டரில், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராம் அரை லிட்டரில், தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள், செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றே தீர்த்துவிடுங்கள். மொத்தக் கவாத்து அக்டோபரில். ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தரியை டெட்டால் தண்ணீரில் முக்கி எடுக்காவிட்டால் நோயை நாமே பரப்புவோம்.

குழுவைப் பதிவு செய்ய எத்தனை பேர் வேண்டும்?
– வாசகர், ஊத்தங்கரை

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர். விதிமுறையில் தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியல் வைப்பவர் யார் என்பதையும் ஒரு பொறுப்பாகவே எழுதிவையுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் போல அதுவும் ஒரு பதவிதான். ஜனவரி முதல் மே வரை அந்த ஒருவர் ஊரைவிட்டு நீண்ட நாள் வெளியே போகிறவராக இருக்கக் கூடாது.